மீன் வாடை இல்லாத ஃபிரிட்ஜ்

"தெரியாது" என்ற வார்த்தையை வாயில் வராமல் பார்த்துக்கொள்பவன் ஆபீஸில் சீக்கிரம் முன்னுக்கு வருவான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இருபத்தாறு வயதில் நான் அதைப் பரிபூரணமாக நம்பினேன். எதைக் கேட்டாலும் "தெரியும் சார்" என்பேன். சில சமயம் கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். அந்த ஒரு பழக்கத்தால் நான் பிரான்ஸ் தேசத்தை இழந்தேன். (பிரான்ஸ் இதை ஒரு இழப்பாக எடுத்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.)

அப்போது எனக்குத் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. வீடு கரமனை அக்ரகாரத்தில். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாகத் திருவனந்தபுரத்துத் தண்ணீரைக் குடித்ததில் எங்கள் வீட்டுத் தமிழில் மலையாளம் தாராளமாகக் கலந்துவிட்டது. எங்கள் கம்பெனிக்கு ஒரு பிரெஞ்சு கிளையண்ட் இருந்தார். அவருடைய ஊருக்குப் போய்க் கொஞ்ச காலம் தங்கி வேலை செய்ய ஒரு ஆளை அனுப்பப் போகிறார்கள், அது நானா பிஜுவா என்பதுதான் பாக்கி என்று ஆபீஸில் பேச்சு. பிஜு என் பக்கத்து நாற்காலிக்காரன். அவனுடைய அம்மாவுக்கு நாகர்கோவில், அதனால் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். நல்லவன், பொறுமைசாலி, சொன்னதைக் கவனமாகக் கேட்பவன். இதெல்லாம் எனக்கு அவனிடம் சுத்தமாகப் பிடிக்காது.

தேர்வு முடிவதற்கு முன்பே நான் புறப்பட்டுவிட்டேன் என்று சொல்லலாம். சாலைக் கடைத்தெருவில் அலைந்து ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். திருவனந்தபுரத்தில் ஸ்வெட்டர் கேட்பவனைக் கடைக்காரர் ஏற இறங்கத்தான் பார்ப்பார். "பொன்முடி மலைக்கா?" என்று கேட்டார். "பாரிஸுக்கு" என்றேன். விலையில் கொஞ்சம் ஏற்றினார். வீட்டுக்கு வந்து மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, அதற்குக் கீழே ஸ்வெட்டருடன் உட்கார்ந்து குளிர் பழகினேன். வேர்த்துக் கொட்டியது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் மேனேஜர் குரியன் சாரிடம் இருந்தது. அவர் பிரான்ஸுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வரும்போது ஒரு முழு வட்டச் சீஸ் கொண்டுவந்திருந்தார். சனிக்கிழமை அந்தக் கிளையண்ட் இங்கே வருகிறார், அவருக்குத் தன் வீட்டில் விருந்து வைத்து, கடைசியில் அவர் ஊர்ச் சீஸையே மேஜையில் வைத்து அசத்துவது என்று திட்டம். ஒரு சங்கடம்தான். சார் வீட்டு ஃபிரிட்ஜில் மேல் தட்டில் நெய்மீன், நடுத்தட்டில் சாளை, கீழ்த்தட்டில் கருவாடு. சீஸோ பக்கத்தில் இருக்கும் பொருளின் வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளுமாம். வியாழக்கிழமை காலையில் சார் என் மேஜைக்கு வந்தார்.

"மணீ, நின்றெ வீட்டிலெ ஃபிரிட்ஜில் மீனுண்டோ?"

"அய்யோ சார், முட்டைகூட இல்ல."

"மீன்வாடை?"

"எங்க தெருவுலயே கிடையாது சார்."

சார் முகம் மலர்ந்தது. சீஸ் இருந்த மரப்பெட்டியை ஒரு குழந்தையைத் தருவதுபோல என் கையில் கொடுத்தார். பிறகு அதை எப்படி வைக்க வேண்டும் என்று விளக்கினார். மெழுகு தடவிய காகிதத்தில் தளர்வாகச் சுற்ற வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. காய்கறி வைக்கும் அடித்தட்டில் வைக்க வேண்டும். இறுக்கி மூடினால் அதற்கு மூச்சு முட்டும். மேலே வெள்ளையாக இருப்பது அதனுடைய தோல், அதில் கை வைக்கவே கூடாது. இதெல்லாம் பிஜு பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சார் பேசிக்கொண்டிருந்தபோது, பாரிஸில் ஸ்வெட்டருக்கு மேலே கோட்டும் போடுவார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லபோல சூக்ஷிக்கணும்" என்றார் சார். (பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அர்த்தம்.) "சீஸ் சூக்ஷிக்கான் அறியாமோ?"

"அறியாம் சார்!" (மலையாளத்தில் அதற்குத் தெரியும் என்று அர்த்தம்.)

சீஸ் என்றால் வெள்ளித்தாளில் சுற்றி, தீப்பெட்டி அளவில் கடையில் விற்கும் சதுரத் துண்டு. அதுவரை எனக்கும் சீஸுக்கும் இருந்த பரிச்சயம் அவ்வளவுதான்.

சாயங்காலம் பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் முதலில் என் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார், பிறகு எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். கரமனை வரை அந்த இடம் காலியாகவே இருந்தது.

வீட்டு வாசலிலேயே அம்மா மறித்தாள்.

"என்னடா அது?"

"சீஸும்மா. எங்க சாரோடது. நாளன்னிக்கி வரைக்கும் ஃபிரிட்ஜ்ல வெக்கணும்."

"பத்தா?"

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் உள்ளே வந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். சாதம் பட்டதெல்லாம் பத்து. பத்து தொட்ட கையால் பால், தயிர், வெண்ணெயைத் தொடக் கூடாது. ஃபிரிட்ஜுக்குள்ளேயே அதற்கு எல்லைக்கோடு உண்டு. பிரெஞ்சுச் சீஸ் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று இதுவரை யாரும் தீர்ப்புச் சொன்னதில்லை. தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா பேப்பரை இறக்கினார்.

"பாலைத் திரிச்சு ஒறைய வெச்சதாக்கும் அது. தயிருக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். பத்து இல்லை, உள்ள விடு."

"சாதம் பட்டுதோ?"

"பிரான்ஸ்ல சாதத்துக்கு எங்கடி போவா?"

"பத்து ஒண்ணும் இல்லம்மா, ஆனா எந்தொரு நாத்தம்!" என்றாள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் தங்கை லதா, தாவணி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு. (அவளுக்குக் கோபம், ஆச்சரியம், நாற்றம் மூன்றும் மலையாளத்தில்தான் வரும்.)

கடைசியில் அடித்தட்டில் இடம் கிடைத்தது. அங்கே இருந்த வெண்டைக்காயையும் புடலங்காயையும் அம்மா பாதுகாப்பு கருதி வெளியே எடுத்துவிட்டாள். நான் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "சூக்ஷிச்சு வெச்சுக்கோம்மா. நான் வெளிநாடு போறதே இது மேலதான் இருக்கு."

அம்மாவிடம் ஒரு பொருளைக் கொடுத்து நன்றாகப் பார்த்துக்கொள் என்று சொல்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை நடந்ததற்கு லதாதான் சாட்சி. பரீட்சைக்குப் படிக்க லீவு போட்டு வீட்டில் இருந்தாள். காலையில் அம்மா, பையனின் வெளிநாட்டுப் பயணம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தாள். சீஸ் முழுக்க வெள்ளையாக, மெல்லிய ரோமம்போலப் படர்ந்திருந்தது.

"பூசணம்! ஒரே ராத்திரியில பூசணம் பூத்துடுத்துடீ!"

எங்கள் ஊரில் மழைக்காலம் என்பது பூசணத்தோடு நடக்கும் யுத்தம். ஊறுகாய், வடாம், புளி, அப்பாவின் தோல் செருப்பு என்று எதையும் அது விடாது. அம்மா அந்த யுத்தத்தில் தோற்றதே இல்லை. தோசைத்திருப்பியை எடுத்துச் சீஸின் தோலைச் சுத்தமாகச் சுரண்டினாள். உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், வடாம் காயவைக்கும் பழைய வேஷ்டியை விரித்து, வெயிலில் வைத்தாள். வழக்கம்போலக் காக்காய்க்குக் கறுப்புக் குடையும் விரித்துவைத்தாள். குடைக்கு அன்று வேலை இருக்கவில்லை. ஒரே ஒரு காக்காய் கைப்பிடிச்சுவரில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கத்தக்கூடச் செய்யாமல் போய்விட்டதாம்.

வெயில் ஏற ஏறச் சீஸ் தளர்ந்து வேஷ்டியில் படுத்துவிட்டது. அம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

"பால்லேர்ந்து வந்தது, மஞ்சளா இருக்கு, வெய்யில்ல உருகறது. இது வெண்ணெயாக்கும். அந்த அசடு இதுக்குப் போய் என்னமோ பேர் சொல்றது."

வெண்ணெய் என்று தெரிந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் குழப்பம் இல்லை. வெண்ணெய் தண்ணீரில்தான் இருக்கும், தண்ணீரை அவ்வப்போது மாற்ற வேண்டும். குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் சீஸை இறக்கினாள். மாற்றிப் பார்த்தாள், மறுபடியும் மாற்றிப் பார்த்தாள். நாற்றம் குறையவில்லை. மிகப் பழைய வெண்ணெய், பாவம், வெளிநாட்டிலிருந்து வந்ததில் கெடத் தொடங்கிவிட்டது, இன்றைக்கு விட்டால் நாளைக்குப் பையன் சாரிடம் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பான்? அம்மாவின் மனசில் ஓடியது இதுதான். எனக்காகத்தான் அவ்வளவும் செய்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வலிக்கும் இடம் அதுதான்.

கெடப் போகும் வெண்ணெயை என்ன செய்வார்கள்? நெய் காய்ச்சுவார்கள். கொல்லையில் முருங்கை இலை பறித்துவந்து, வெண்கல உருளியை அடுப்பில் ஏற்றினாள்.

அந்த மத்தியானத்தைப் பற்றித் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். எதிர் வீட்டு மாமி கேஸ் கசிகிறது என்று சிலிண்டரை மூடிவிட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா மச்சில் பெருச்சாளி செத்துக் கிடக்கிறது என்று முடிவுகட்டி, டார்ச்சும் கம்புமாக மேலே ஏறிவிட்டார். நான் சாயங்காலம் வந்தபோது அவர் இன்னும் இறங்கியிருக்கவில்லை. அம்மா மட்டும் சமையலறையில் பூரிப்போடு நின்றாள்.

"வாடா. ஒன் வெண்ணெய் கெட்டுப்போக இருந்தது, கேட்டியோ? நல்லவேளை, சமயத்துல பாத்தேன். நெய்யாக் காய்ச்சிட்டேன். ஆனா இவ்வளவு கசண்டு நான் எந்த வெண்ணெயிலயும் கண்டதில்லை."

ஒரு பாட்டிலில் பளபளவென்று நெய். உருளியின் அடியில், அவள் கசண்டு என்று சொன்ன வண்டல். அது வண்டல்போல உதிர்ந்து கிடக்கவில்லை. பழுப்பு மஞ்சளில், நடுநடுவே முருங்கை இலையோடு, ரப்பர் பந்துபோலத் திரண்டு கிடந்தது. கரண்டியால் தொட்டேன், கரண்டியைத் திருப்பித் தள்ளியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் கண்ணுக்குள் தெரிந்தது ஸ்வெட்டர்தான்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையேடா நீ" என்றாள். உண்மைதான். எனக்கே தெரியாததை நான் எங்கே சொல்வது.

புத்தியுள்ளவன் அப்போதே குரியன் சாருக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொல்லியிருப்பான். நான் சொன்னது: "சமாளிச்சுடலாம்."

உருண்டையை இட்லிப் பானையில் ஆவி கட்டி இளக்கினோம். மரப்பெட்டியில் போட்டு அமுக்கினோம். மறுபடியும் பந்தாக எழும்பியது. அம்மாவின் பெரிய எவர்சில்வர் சாம்பார்ப் பாத்திரத்தை மேலே வைத்து, அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தோம். காலையில் எடுத்துப் பார்த்தபோது வட்டமாகத் தட்டையாகப் படிந்திருந்தது. இனி வெள்ளைத் தோல் வேண்டும். அம்மா கோலமாவு டப்பாவை எடுத்தாள். "அம்மே! அது கல்லுப்பொடியாக்கும்!" என்று லதா பிடுங்கினாள். அரிசிமாவைத் தூவினோம். முருங்கை இலை மட்டும் பிரிந்து வரவில்லை. "ஹெர்ப் சீஸ்னு சொல்லு. அதுக்கு வெலை கூடுதல்" என்றாள் லதா. பார்வைக்கு நன்றாகவே இருந்த பக்கத்தை மேலே திருப்பி, பெட்டியை மூடினேன். பாத்திரம் அமுக்கிய பக்கம் அடியில் போய்விட்டது, அதை நான் கவனிக்கவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கவடியாரில் குரியன் சார் வீடு. சார், அவர் மனைவி, அந்தப் பிரெஞ்சுக்காரர், பிஜு, நான். சாப்பாடு முடிந்தது. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். இந்த நகரத்திலேயே வாடை படாத ஒரே ஃபிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றப்பட்ட பொருள் என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். என் தோளைத் தட்டினார். பிரெஞ்சுக்காரர் எனக்குக் கை கொடுத்தார். நான் ஏறக்குறைய விமானத்தில் ஏறிவிட்டேன்.

பெட்டி திறந்தது. சார் மூக்கை அருகில் கொண்டுபோனார். புருவம் சுருங்கியது. கத்தியை வைத்தார், இறங்கவில்லை. அழுத்தினார். இன்னும் அழுத்தினார். சீஸ் தட்டிலிருந்து வழுக்கி, மேஜை விளிம்பைத் தாண்டி, தரையில் விழுந்து, ஒருமுறை எம்பி, பிரெஞ்சுக்காரரின் காலடியில் போய் நின்றது. மாவெல்லாம் வழியில் உதிர்ந்துவிட்டது.

அவர் குனிந்து எடுத்தார். திருப்பினார். பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

எங்கள் தெருவில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டாமல் யாரும் வைத்துக்கொள்வதில்லை. கல்யாணம், சீமந்தம் என்று ஒரு வீட்டுப் பாத்திரம் எல்லா வீட்டுக்கும் போகும், திரும்பி வர வேண்டுமே. அதனால் அடியில் புள்ளி புள்ளியாகப் பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். சாம்பார்ப் பாத்திரத்தின் அடி, குழவியின் கனத்தில், சீஸில் அச்சாகப் பதிந்துவிட்டது. எழுத்துகள் இடம் வலம் மாறி, புடைத்துக்கொண்டு நின்றன.

பிரெஞ்சுக்காரருக்கு ஒரே உற்சாகம். அவருடைய நாட்டில் நல்ல சீஸ் செய்பவர்கள் தங்கள் முத்திரையைப் பதிப்பதுண்டாம். இந்த முத்திரையை மட்டும் தான் எங்கும் கண்டதில்லை, இது எந்த ஊர் எழுத்து என்று கேட்டார். குரியன் சார் வாங்கிப் பார்த்தார். ஏதோ பழைய ஐரோப்பிய லிபி என்றார். பிஜுதான் ஃபோனில் படம் எடுத்து, இடம் வலமாகத் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்தான். சொன்னேனே, எதையும் கவனமாகச் செய்பவன்.

"ரா... ஜ... ம். ராஜம். க... ர... மனை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆரா ராஜம்?" என்றார் குரியன் சார்.

"என்றெ அம்மையா சார்."

அதற்கப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? சுரண்டியதிலிருந்து குழவி வரை எல்லாவற்றையும் சொன்னேன். சார் முகத்தைத் துடைத்துக்கொண்டே அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். வெயிலில் வைத்தது என்றதும் பிரெஞ்சுக்காரர் தலையை ஆட்டினார். தண்ணீர் என்றதும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். முருங்கை இலை வந்தபோது கண்ணை மூடிவிட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த நெய் எங்கே?

"எங்க அப்பா மத்தியானம் பருப்புசாதத்துல விட்டுண்டுட்டார்."

"எப்படி இருந்ததாம்?"

"ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிண்டார்."

பிரெஞ்சுக்காரர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சார் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஒரு சீஸ் சூக்ஷிக்கான் பற்றாத்தவன் கிளையண்டின்றெ டேட்டா எங்ஙனெ சூக்ஷிக்கும், மணீ?" ஒரு சீஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியாதவன் கிளையண்டின் தகவலை எப்படி வைத்துக்கொள்வான்? நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, "தெரியாது சார்" என்றேன்.

பிரான்ஸுக்குப் பிஜு போனான். போகும் முன் என்னிடம் வந்து, ஸ்வெட்டர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். என்னுடையதையே கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது சிரித்தேன். அது எந்த மாதிரிச் சிரிப்பு என்று அவன் இதுவரை சொல்லவில்லை.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு பிரச்சினை. அந்தப் பாட்டில் தீர்ந்துபோனதும் அப்பாவுக்குச் சாதாரண நெய் இறங்கவில்லை. "இதுல ஒரு கொணம் இல்லையேடி" என்று தினமும் தட்டின் முன்னால் ஆட்சேபம் எழுப்பினார். பிஜு ஊர் திரும்பியபோது ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்தான். கனமாக இருந்தது. பிரித்தால், உள்ளே ஒரு முழு வட்டச் சீஸ். "இது மாமாவுக்கு" என்றான்.

பிறகு அவன் அங்கேயே தங்கிவிட்டான். லீவுக்கு வரும்போதெல்லாம் அப்பாவுக்கு ஒரு சீஸ் வருகிறது. நானும் இப்போது தேறிவிட்டேன். எந்தக் காகிதம், எவ்வளவு தளர்வு, எந்தத் தட்டு என்று யார் கேட்டாலும் வகுப்பு எடுப்பேன். என் மனைவி, "ராஜம் கம்பெனி எம்.டி. பேச ஆரம்பிச்சாச்சு" என்று உள்ளே போய்விடுவாள்.

போன ஓணத்துக்கும் பிஜு வந்தான். நான் சீஸை முறைப்படி மெழுகுக் காகிதத்தில் சுற்றினேன். காய்கறித் தட்டில், மூச்சு முட்டாதபடி வைத்தேன். வெள்ளைத் தோலில் யாரும் கை வைக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, வெயில் ஆகவே ஆகாது என்று அம்மாவிடம் விலாவாரியாகச் சொன்னேன். அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் செரிடா" என்றாள். "முருங்கை இலை பறிச்சாச்சு. அடுப்பை இப்பப் பத்த வெக்கட்டுமா, பிஜு சாப்டப்புறம் போறுமா?"